ஐரோப்பாவின் பாதுகாப்புக் கொள்கையை எழுதும் கரங்கள்

(இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

எனக்குத் தரப்பட்ட தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். ஐரோப்பாவின் பாதுகாப்புக் கொள்கைக்கும் கடைத்தெருவில் கல்லாவில் உட்காரும் நமக்கும் என்ன சம்பந்தம்? கேள்வி நியாயமானது. பதிலையும் கடைத்தெருவிலிருந்தே சொல்கிறேன்.

2023 நவம்பரில் செங்கடலில் சென்ற சரக்குக் கப்பல்களை ஏமனின் ஹூத்திகள் தாக்கத் தொடங்கினார்கள். கப்பல் கம்பெனிகள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு, ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போயின. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோலும் ஷூவும் தயாரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் நம் சகோதரர்களைக் கேட்டுப் பாருங்கள். கன்டெய்னர் வாடகை ஏறியது. சரக்குப் போய்ச் சேரப் பத்து நாளுக்கு மேல் கூடுதலாயிற்று. சரக்கு தாமதமானால் பணமும் தாமதம். பணம் தாமதமானால் பாங்கு வட்டிக்காரன் கதவைத் தட்டுவான்!

இந்த நிலையில்தான் 2024 பிப்ரவரி 19 அன்று ஐரோப்பிய ஒன்றியம் ‘ஆஸ்பிடெஸ்’ என்ற பெயரில் ஒரு கூட்டுக் கடற்படை நடவடிக்கையைச் செங்கடலில் தொடங்கியது. இதற்கு முன்பே 2008 டிசம்பரில் சோமாலியக் கடற்கொள்ளையரைத் தடுக்க ‘அட்டலாண்டா’ என்ற நடவடிக்கையைத் தொடங்கியிருந்தார்கள். ஆக, பிரஸ்ஸல்ஸில் எடுக்கப்படும் பாதுகாப்பு முடிவு நம் ஊர்ச் சரக்கு போகும் வழியையும் தொடுகிறது. நமக்குச் சம்பந்தம் உண்டா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

ஒன்றியத்தில் 27 நாடுகள் இருக்கின்றன. 27 தலைநகரங்கள், 27 வெளியுறவு அமைச்சர்கள். இத்தனை பேரும் ஒரே முடிவுக்கு வர வேண்டுமென்றால் அதற்கு முன் எத்தனையோ தாள்கள் எழுதப்பட வேண்டும், எத்தனையோ விவாதங்கள் நடக்க வேண்டும். அந்தத் தாள்களை எழுதும் இடங்களுக்குத்தான் ஆய்வு நிறுவனங்கள் என்று பெயர்.

ஆய்வு நிறுவனங்கள் என்பவை எவை?

லண்டனில் ‘சத்தம் ஹவுஸ்’ என்று ஒரு நிறுவனம். 1920ல் தொடங்கப்பட்டது. முதல் உலகப்போர் முடிந்து பாரிஸில் சமாதானம் பேசப் போனவர்கள், இனி உலக விவகாரங்களை முறையாகப் படித்தறிய ஓர் அமைப்பு வேண்டும் என்று முடிவு செய்ததன் விளைவு அது. அங்கே ஒரு விதி உண்டு. கூட்டத்தில் கேட்ட கருத்தை நீங்கள் வெளியே பயன்படுத்தலாம். ஆனால் அதைச் சொன்னவர் யார் என்று வெளியிடக் கூடாது. ஏன் இந்த விதி? அமைச்சரும் அதிகாரியும் படைத் தளபதியும் வேலைக்குப் பயப்படாமல் மனம் திறந்து பேச வேண்டும் என்பதற்காக!

1958ல் லண்டனிலேயே ‘சர்வதேசப் போர்த்தந்திர ஆய்வு நிறுவனம்’ தொடங்கப்பட்டது. எந்த நாட்டிடம் எத்தனை டாங்கி, எத்தனை விமானம் என்று ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுபவர்கள் இவர்கள். 1962ல் ஜெர்மனியில் ‘அறிவியல், அரசியல் அறக்கட்டளை’ எழுந்தது. ஜெர்மன் பிரதமர் அலுவலகத்தின் வரவு-செலவுக் கணக்கிலிருந்தே இதற்குப் பணம் போகிறது. அரசுக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஆலோசனை சொல்வது இதன் வேலை. 1965ல் ரோமில், ஐரோப்பிய ஒற்றுமைக்காக வாழ்நாளெல்லாம் பாடுபட்ட அல்தியேரோ ஸ்பினெல்லி ‘சர்வதேச விவகார நிறுவனத்தை’ நிறுவினார். 1966ல் ஸ்வீடன் தன் 150 ஆண்டு அமைதியின் நினைவாக ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தை ஏற்படுத்தியது. உலகில் யார் யாருக்கு ஆயுதம் விற்கிறார்கள் என்று பத்திரிகைகளில் படிக்கிறீர்களே, அந்தக் கணக்குகளில் பெரும்பகுதி இங்கிருந்து வருவதுதான்.

இவையெல்லாம் தனித்தனி நாடுகளில் பிறந்தவை. ஐரோப்பா முழுமைக்கும் பொதுவான நிறுவனம் ஒன்றும் உண்டு. 1990ல் மேற்கு ஐரோப்பிய ஒன்றியம் என்ற பழைய ராணுவக் கூட்டமைப்பு பாரிஸில் ஒரு பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தை அமைத்தது. 2002 ஜனவரி 1 முதல் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்த நிறுவனமாயிற்று. உறுப்பு நாடுகள்தாம் அதற்குப் பணம் தருகின்றன. ஆனால் ஆய்வாளர்கள் என்ன எழுத வேண்டும் என்று அந்த நாடுகள் கட்டளையிட முடியாது என்பதும் அதன் அமைப்பு விதிகளிலேயே இருக்கிறது. சம்பளம் கொடுப்பவன் எழுத்தைத் திருத்த மாட்டான் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் எவ்வளவு தூரம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

போஸ்னியா கற்பித்த பாடம்

சகோதரர்களே! இந்தக் கதையின் நடுவில் நம் நெஞ்சைப் பிளக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அது ஸ்ரெப்ரெனிட்சா.

1991 ஜூனில் யூகோஸ்லாவியா உடையத் தொடங்கியபோது, அப்போது ஐரோப்பிய சமூகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த லக்ஸம்பர்க்கின் வெளியுறவு அமைச்சர் ஜாக் பூஸ், இது ஐரோப்பாவின் நேரம் என்று பெருமையோடு அறிவித்தார். அமெரிக்கா வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பது அதன் பொருள். 1992 பிப்ரவரி 7ல் மாஸ்ட்ரிக்ட் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று; பொதுவான வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கை என்ற சொல் அதில்தான் சட்டமாக ஏறியது. அதே ஆண்டு ஏப்ரலில் போஸ்னியாவில் போர் மூண்டது. தாளில் கொள்கை பிறந்த வருஷத்திலேயே மண்ணில் அதன் சோதனை வந்துவிட்டது!

சோதனையில் ஐரோப்பா தோற்றது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அந்தப் போரில் மாண்டார்கள். 1993 ஏப்ரல் 16 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை ஸ்ரெப்ரெனிட்சாவைப் ‘பாதுகாப்புப் பகுதி’ என்று அறிவித்தது. காவலுக்கு நின்றவர்கள் சில நூறு டச்சுச் சிப்பாய்கள். 1995 ஜூலையில் செர்பியப் படை உள்ளே நுழைந்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் பிரித்தெடுத்துக் கொல்லப்பட்டார்கள். அது இனப்படுகொலையே என்று சர்வதேச நீதிமன்றம் 2007ல் தீர்ப்பளித்தது. கடைசியில் போரை நிறுத்தும் பேச்சு எங்கே நடந்தது? ஐரோப்பாவில் அல்ல, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டேட்டன் நகர விமானப்படைத் தளத்தில்!

இதற்குப் பிறகு நடந்ததை இளைஞர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். 1996ல் நெதர்லாந்து அரசு, தன் நாட்டின் போர் ஆவண ஆய்வு நிறுவனத்திடம், என்ன நடந்தது என்று முழுமையாக ஆராய்ந்து எழுதும்படி ஒப்படைத்தது. ஆராய்ச்சியாளர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார்கள். ஆவணங்களைத் தோண்டினார்கள், நூற்றுக்கணக்கானவர்களை விசாரித்தார்கள். 2002 ஏப்ரல் 10 அன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட அறிக்கை வெளிவந்தது. தெளிவான அதிகாரம் இல்லாமல், முறையான தயாரிப்பு இல்லாமல், எல்லையே வரையறுக்கப்படாத ஒரு பகுதியைக் காக்கும்படி அந்தப் படை அனுப்பப்பட்டது என்று அது எடுத்துரைத்தது. ஆறே நாளில், ஏப்ரல் 16 அன்று, பிரதமர் விம் கோக் தன் அமைச்சரவையோடு ராஜினாமா செய்தார்! ஸ்ரெப்ரெனிட்சா பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட அதே தேதி. ஒன்பது ஆண்டு இடைவெளி.

தேர்தலுக்கு ஒரு மாதமே இருந்தது என்பது உண்மை. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள், இந்த அறிக்கை சிப்பாய்களிடம் கருணை காட்டிவிட்டது என்று குமுறியதும் உண்மை. அந்தக் குமுறலும் வீண் போகவில்லை. அவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். டச்சு முகாமிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 350 ஆண்களின் மரணத்தில் நெதர்லாந்து அரசுக்கு ஒரு பங்கு பொறுப்பு உண்டு என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமே 2019ல் கூறியது. அந்தப் பங்கைப் பத்து சதவீதம் என்று நிர்ணயித்தது. பத்து சதவீதம் போதுமா என்றால் போதாது. ஆனால் எழுதி வைத்த ஆதாரம் இல்லாவிட்டால் அந்தப் பத்தும் கிடைத்திருக்காது.

ஒரு காகிதம் போருக்கு வழி திறந்த கதை

இனி மறுபக்கம். ஆய்வு என்றாலே நன்மை என்று எண்ணிவிடாதீர்கள்.

2002 செப்டம்பரில் லண்டன் போர்த்தந்திர நிறுவனம் ஈராக்கின் ஆயுதங்கள் பற்றி ஒரு தொகுப்பை வெளியிட்டது. அணுகுண்டுக்கான மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து கிடைத்தால் சில மாதங்களில் ஈராக் குண்டு செய்துவிடலாம் என்பது அதில் ஒரு மதிப்பீடு. ‘கிடைத்தால்’ என்ற சொல் முக்கியம். போர் வேண்டும் என்றவர்களின் வாயில் அந்தச் சொல் காணாமல் போயிற்று! சில நாட்களில் பிரிட்டிஷ் அரசும் தன் தொகுப்பை வெளியிட்டது. 2003 பிப்ரவரியில் இன்னொன்று. அந்த இரண்டாவது அரசுத் தொகுப்பின் பெரும்பகுதி, ஓர் ஆராய்ச்சி மாணவரின் கட்டுரையிலிருந்து அச்சுப் பிழையோடு சேர்த்துக் காப்பியடிக்கப்பட்டது என்று கேம்பிரிட்ஜ் விரிவுரையாளர் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். போர் நடந்தது. பாக்தாத் எரிந்தது. பேரழிவு ஆயுதக் குவியல் மட்டும் கிடைக்கவே இல்லை.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளும்படி மார்க்கம் நமக்கு ஏன் கட்டளையிட்டிருக்கிறது என்பது இப்போது விளங்குகிறதா?

ஈராக் விஷயத்தில் ஐரோப்பா இரண்டாகப் பிளந்தது. பிரான்சும் ஜெர்மனியும் போரை எதிர்த்தன. பிரிட்டன், ஸ்பெயின், இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகளின் தலைவர்கள் 2003 ஜனவரியில் அமெரிக்காவுக்கு ஆதரவாகப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பொதுவான கொள்கை என்று பத்தாண்டாகப் பேசியது சந்தி சிரித்தது. அந்த அவமானத்திலிருந்துதான் ஐரோப்பாவின் முதல் பாதுகாப்பு ஆவணம் பிறந்தது.

ஒன்றியத்தின் வெளியுறவுப் பொறுப்பாளர் ஹாவியர் சொலானா 2003 ஜூனில் ஒரு வரைவை முன்வைத்தார். உடனே அதை நிறைவேற்றிவிடவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் ரோம், பாரிஸ், ஸ்டாக்ஹோம் ஆகிய மூன்று நகரங்களில் கருத்தரங்குகள் நடந்தன. ஆய்வு நிறுவனங்களின் அறிஞர்களும் அதிகாரிகளும் படைத்துறையினரும் உட்கார்ந்து வரி வரியாக விவாதித்தார்கள். டிசம்பர் 12 அன்று ஐரோப்பியத் தலைவர்கள் அதை ஏற்றார்கள்.

இடையில் என்ன மாறிற்று தெரியுமா? ஜூன் வரைவில், ‘முந்திக்கொண்டு’ செயல்படுதல் என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. ஈராக்கைத் தாக்குவதற்கு புஷ் நிர்வாகம் பயன்படுத்திய அதே சொல். டிசம்பரில் அது போய், ‘வருமுன் தடுத்தல்’ என்ற பொருள் தரும் சொல் வந்தது. ஆங்கிலத்தில் சில எழுத்து வித்தியாசம்தான். ஆனால் ஒன்று குண்டு போடுவதற்கு அனுமதி. மற்றது பஞ்சமும் பகையும் முற்றுவதற்கு முன் உதவிக்குப் போவது! வணிகர்களே, ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு சொல் மாறினால் எத்தனை லட்சம் நஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே ஒரு சொல் மாறினால் எத்தனை உயிர்?

அந்த ஆவணம் அபாயங்களை வரிசைப்படுத்தியபோது பயங்கரவாதத்தை முதலில் வைத்தது. அதன் நிழல் அங்குள்ள சாதாரண முஸ்லிம்கள் மீதும் விழுந்தது. அதே ஆவணம்தான் அரபு–இஸ்ரேல் பிரச்சினையைத் தீர்ப்பது ஐரோப்பாவுக்கு முக்கியமான இலக்கு என்றும் எழுதி வைத்தது. இரண்டையும் நாம் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் படிப்பவன் ஏமாறுவான்.

சதி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளலாமா?

நம்மில் சிலருக்கு ஒரு பழக்கம் உண்டு. ‘எல்லாம் திரைமறைவுச் சதி’ என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவது! சகோதரர்களே, இதில் திரைமறைவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. 2016 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் அடுத்த பெரிய பாதுகாப்பு ஆவணத்தை வெளியிட்டது. வெளியுறவுப் பொறுப்பாளர் ஃபெடரிகா மொகெரினி. அதை எழுதும் பணியை முன்னின்று நடத்தியவர் நதாலி தோச்சி என்ற பெண்மணி. அவர் எங்கிருந்து வந்தார்? ஸ்பினெல்லி தொடங்கினார் என்று சொன்னேனே, ரோமில் உள்ள அதே ஆய்வு நிறுவனத்திலிருந்து. 1965ல் நட்ட கன்று ஐம்பது ஆண்டு கழித்துக் காய்த்தது. அவர்களுடைய அறிக்கைகள் அச்சாகின்றன. எவரும் வாங்கிப் படிக்கலாம். படிக்காமல் இருப்பது யார் குற்றம்?

முஸ்லிம் நாடுகளுக்கும் அந்தச் சபையில் இடம் இல்லாமல் இல்லை. 1995 நவம்பரில் பார்சிலோனாவில் ஐரோப்பிய ஒன்றியம் மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, எகிப்து, ஜோர்டான், துருக்கி, பாலஸ்தீன ஆணையம் முதலிய மத்தியதரைக் கடல் நாடுகளோடு உடன்பாடு கண்டது. அதன் தொடர்ச்சியாக 1996ல் இரு கரையிலும் உள்ள ஆய்வு நிறுவனங்கள் ‘யூரோமெஸ்கோ’ என்ற இணைப்பை உருவாக்கின. கெய்ரோவின் அறிஞரும் லிஸ்பனின் அறிஞரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். எதைப் பாதுகாப்பு என்பது, யாருக்குப் பாதுகாப்பு என்பது என்று அந்த மேஜையில் கேட்க முடியும். கேட்பதற்குப் படித்த ஆள் இருந்தால்!

பணம் எங்கிருந்து வருகிறது?

வணிகர் கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். சில நிறுவனங்களுக்கு அரசு கொடுக்கிறது. சிலவற்றுக்கு அறக்கட்டளைகள் கொடுக்கின்றன. சிலவற்றின் நன்கொடையாளர் பட்டியலில் ஆயுதக் கம்பெனிகளும் இருக்கின்றன. ஆயுதம் விற்பவன் காசில் அமைதி பற்றி எழுதினால் எழுத்து எந்தப் பக்கம் சாயும்?

நம் பக்கத்து மன்னர்களும் சளைத்தவர்கள் அல்லர். லண்டன் போர்த்தந்திர நிறுவனம் 2004 முதல் பஹ்ரைனின் மனாமாவில் மாநாடு நடத்தி வருகிறது. பஹ்ரைன் ஆட்சியாளர்களிடமிருந்து அது கோடிக்கணக்கில் பணம் பெற்றதாக 2016ல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. மேலைநாட்டு நிறுவனங்கள் நமக்கு எதிராக எழுதுகின்றன என்று புலம்புகிறோம். நம்மவர் பணத்தை வாங்கிக்கொண்டு நம்மவரின் சிறைச்சாலைகளைப் பற்றி எழுதாமல் விடுவதும் நடக்கலாம் என்பதை யோசிக்கிறோமா? பணம் யாருடையது என்று பார்ப்பது நியாயம். அதை எல்லார் விஷயத்திலும் பார்ப்பதே நியாயம். ஐரோப்பிய ஒன்றியம் 2011 முதல் ஒரு பதிவேடு வைத்து, பிரஸ்ஸல்ஸில் கொள்கையை மாற்ற முயலும் அமைப்புகளின் விவரத்தை வெளியிடுகிறது. ஓர் அறிக்கையைப் படிக்கும்முன் அதை எழுதியவரின் கல்லாப்பெட்டியைப் பாருங்கள்.

எழுத்தால் முடியாதது

ஆய்வு நிறுவனங்களால் எல்லாம் முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. வெளியுறவு, பாதுகாப்பு முடிவுகளில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் பொதுவாக ஒருமித்த சம்மதம் வேண்டும். ஒரு நாடு கையைத் தூக்கினால் வண்டி நின்றுவிடும். 2023 அக்டோபர் 27 அன்று காஸாவில் சண்டையை நிறுத்தக் கோரும் தீர்மானம் ஐ.நா. பொதுச் சபைக்கு வந்தது. 27 ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 8 ஆதரித்தன, 4 எதிர்த்தன, 15 நழுவிக்கொண்டன. முப்பது ஆண்டு ஆராய்ச்சி, அலமாரி அலமாரியாக அறிக்கைகள். காஸாவின் குழந்தைகள் விஷயத்தில் ஒரே குரல் எழவில்லை! அறிவு பாதையைக் காட்டும். நடக்க வைப்பது மனசாட்சியும் மக்கள் சக்தியும்தான்.

நாம் செய்ய வேண்டியது

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு மதீனாவை நோக்கிப் பெரும் படை திரண்டு வந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். பாரசீகத்திலிருந்து வந்த சல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள், தம் நாட்டில் அகழி தோண்டித் தற்காப்பது வழக்கம் என்று எடுத்துச் சொன்னார்கள். அரபிகள் அறியாத முறை அது. நபிகளார் (ஸல்) ஏற்றார்கள். தாமே மண் சுமந்தார்கள். அகழ்ப்போரில் மதீனா காக்கப்பட்டது. வெளிநாட்டு அனுபவத்தை, அறிந்தவர் வாயிலிருந்து கேட்டு, கொள்கையாக்கிக் காட்டிய சமுதாயம் இது. நமக்கு ஆய்வு புதிதல்ல, மறந்துபோனது.

நம் நாட்டில் ஓர் உதாரணம் போதும். முஸ்லிம்கள் பின்தங்கியிருக்கிறோம் என்று மேடைதோறும் எத்தனை ஆண்டு பேசினோம்! 2006 நவம்பரில் நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு புள்ளிவிவரத்தோடு அறிக்கை கொடுத்த பிறகுதான், அந்தப் பேச்சு எவரும் மறுக்க முடியாத ஆதாரமாயிற்று.

எனவே இளைஞர்களே, பட்டம் வாங்கினால் வளைகுடா விசா, இல்லாவிட்டால் கடை என்ற இரண்டு வழி மட்டும் போதாது. சட்டம் படியுங்கள், புள்ளியியல் படியுங்கள், பொருளாதாரமும் சர்வதேச உறவும் படியுங்கள். அரபியோடு பிரெஞ்சோ ஜெர்மனோ ஒரு மொழி கற்றுக்கொள்ளுங்கள். ஊரில் நடப்பதை உணர்ச்சியோடு பேசுவதற்கு முன் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

வணிகப் பெருமக்களே, ஒரு திருமண விருந்துச் செலவில் ஒரு மாணவனை இரண்டு ஆண்டு ஆராய்ச்சி படிக்க வைக்கலாம். பள்ளிவாசலுக்கு மினாரா கட்டுகிறீர்கள், அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அதன் நிழலில் பத்திரிகைகளும் அரசு அறிக்கைகளும் உள்ள ஒரு சிறு நூலகமும் வையுங்கள். கொடுங்கள், ஆனால் இதைத்தான் எழுத வேண்டும் என்று கட்டளையிடாதீர்கள். உங்களுக்குப் பிடிக்காத உண்மையையும் எழுதுகிறவனே உங்களுக்குப் பயன்படுவான்.

ஸ்ரெப்ரெனிட்சாவில் மகனைப் பறிகொடுத்த தாய், ஆண்டுகள் கழித்து, மண்ணில் கிடைத்த எலும்பின் பெயரை ஆய்வாளர்கள் கண்டறிந்து சொன்ன பிறகுதான் அவனுக்கு ஜனாஸா தொழுகை நடத்த முடிந்தது. ஆராய்ச்சி என்பது அலமாரிக்காக அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? அறிவைத் தேடும் சமுதாயமாக, அநீதியை ஆதாரத்தோடு தட்டிக் கேட்கும் சமுதாயமாக நம்மை ஆக்குமாறு வல்ல இறைவனிடம் இறைஞ்சி நிறைவு செய்கிறேன்.